கண்ணாடிக் கடையும் லயன்ஸ் சங்கமும் சேர்ந்து நடத்தும் கண் சேவை: டர்பனில் எது உதவுகிறது, எது உதவவில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபேங்க், டோங்காட் பகுதிகளில் கண்ணாடிக் கடையும் லயன்ஸ் சங்கமும் கைகோக்கும் சேவை பெரும்பாலும் இரண்டு வடிவத்தில் வரும். கடைக்குள் வைக்கப்படும் பழைய கண்ணாடிப் பெட்டி ஒன்று. கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூட ஹாலிலோ சனிக்கிழமை நடக்கும் இலவசக் கண் முகாம் மற்றொன்று. இரண்டையும் ஒரே வாயால் பாராட்டிவிட்டுப் போவது வழக்கம். எங்கள் மதிப்பெண் வேறு. பெட்டிக்கு ஐந்தில் ஒன்றரை. ஒழுங்காகத் திட்டமிட்ட முகாமுக்கு ஐந்தில் நாலரை. ஒழுங்கில்லாத முகாமுக்கு இரண்டு கொடுப்பதே அதிகம்.

எந்தத் தனிக் கடையையும் இங்கே எடைபோடவில்லை, ஏற்பாட்டைத்தான் எடைபோடுகிறோம். சேரலாமா என்று யோசிக்கும் கடைக்காரருக்கும், கடை கடையாக ஏறி இறங்கும் சங்க உறுப்பினருக்கும், ஆயாவையோ தாத்தாவையோ முகாமுக்கு அழைத்துப்போக நினைக்கும் வீட்டாருக்கும் இது பயன்படவேண்டும்.

வியாபாரிகளும் சேவையும் சேர்வது லயன்ஸுக்குப் புதிதல்ல. 1917இல் சிகாகோவில் காப்பீட்டுத் தொழில் செய்துவந்த மெல்வின் ஜோன்ஸ் முயற்சியால் உருவானது அது; மதியச் சாப்பாட்டுக்குக் கூடிய வியாபாரிகள் குழுதான் அதன் வித்து. 1925இல் ஒஹையோவின் சீடர் பாயின்ட்டில் நடந்த மாநாட்டில் ஹெலன் கெல்லர், பார்வையற்றோருக்காக உழைக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டார். கண் சேவை அன்றிலிருந்து லயன்ஸின் அடையாளம். ஆகவே ஆர்வத்துக்குக் குறைவில்லை. கடையிடம் எதைக் கேட்டு வாங்குவது என்பதில்தான் பல இடங்களில் சறுக்குகிறது.

பழைய கண்ணாடிப் பெட்டி

பெட்டி வைப்பது கடைக்கு மிகச் சுலபம். இடம் ஒரு முழம், செலவு ஒன்றுமில்லை, வாடிக்கையாளருக்கும் மனநிறைவு. அந்தச் சுலபம்தான் சிக்கல்: செலவெல்லாம் பெட்டி கடையை விட்டுப் போன பிறகு தொடங்குகிறது, அதைச் சுமப்பது சங்கம்.

பெட்டியிலிருந்து எடுத்த ஒவ்வொரு ஜோடியையும் முதலில் உடைந்தது, கீறியது, நல்லது என்று பிரிக்கவேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலில் கழுவி, பஞ்சுத் துணியில் துடைத்து, திருகாணி இறுக்கி, மூக்குப் பட்டை மாற்றவேண்டும். சூடான நீர் பட்டால் லென்ஸ் மேலுள்ள பூச்சு வெடித்துவிடும். அடுத்து லென்ஸின் பவரை அளக்கும் லென்ஸோமீட்டரில் வைத்து வலது, இடது இரண்டின் பவரையும், சிலிண்டர் (ஒரு திசைக்கு மட்டுமான கூடுதல் பவர்) இருந்தால் அதன் அளவையும் அதன் கோணமான ஆக்சிஸையும், இரண்டு பவர் உள்ள பைஃபோக்கல் என்றால் கீழ்ப்பகுதியின் கூடுதல் பவரையும் படித்து எழுதவேண்டும். கோடில்லாமல் பவர் படிப்படியாக மாறும் புரோகிரஸிவ் கண்ணாடியில் லென்ஸில் பொறித்த நுண்குறிகளைத் தேடிக் கண்டுபிடித்தால்தான் எங்கே அளப்பது என்றே தெரியும். கடைசியில் உறையிலிட்டு, பவர் வரிசைப்படி அலமாரியில் அடுக்கவேண்டும். பழகிய கைக்கே ஒரு ஜோடிக்குப் பல நிமிடம் பிடிக்கும் வேலை.

இவ்வளவுக்கும் பிறகு தேறுவது எத்தனை? 2012இல் வெளியான ஓர் ஆய்வு 275 பழைய கண்ணாடிகளைச் சோதித்தது. பயன்படக்கூடியவை 7 சதவீதம், அதாவது ஏறக்குறைய 19 ஜோடி. பிரித்து, கழுவி, அளந்து, அனுப்பும் செலவையெல்லாம் அந்தத் தேறிய சில ஜோடிகள் மேல் ஏற்றினால், புதிய ரெடிமேட் கண்ணாடி வாங்கிக் கொடுப்பது மலிவு என்பதே அதன் முடிவு. கண் நலத் துறையின் சர்வதேச அமைப்புகளும் பழைய கண்ணாடியைச் சேவையின் அடித்தளமாக்கவேண்டாம் என்றே சொல்லிவருகின்றன.

டர்பனில் இந்த நிலை இன்னும் மோசமாகவே இருக்கும். கடல் ஈரம் திருகாணியைத் துருப்பிடிக்க வைக்கிறது. பிப்ரவரி வெயிலில் காருக்குள் கிடந்த கண்ணாடியின் பூச்சு வலைபோல் வெடித்திருக்கும். ஆனால் தேறாததற்கு முக்கியக் காரணம் அழுக்கோ துருவோ அல்ல, பொருத்தம். ஒருவருக்கு வலது கண்ணில் மைனஸ் 2.25, சிலிண்டர் 1.00 ஆக்சிஸ் 170. இடது கண்ணில் மைனஸ் 3.00, சிலிண்டர் 0.50 ஆக்சிஸ் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே சேர்க்கையில் இன்னொரு முகம் கிடைப்பது அபூர்வம். பவர் ஒத்தாலும் கண்மணிகளுக்கு இடையிலான தூரம் ஒக்கவேண்டும். லென்ஸ் மையம் விலகிய தூரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து பவரால் பெருக்கினால் எவ்வளவு பிரிசம், அதாவது ஒளியின் வளைவு, விழுகிறது என்று தெரியும். மைனஸ் 6.00 கண்ணாடியில் மொத்தம் 6 மில்லிமீட்டர் விலகல் என்றால் 0.6 பெருக்கல் 6, அதாவது 3.6 பிரிசம் டயாப்டர். அதைப் போட்டுக்கொண்டு நடப்பவருக்குத் தலைவலி, இரட்டைத் தோற்றம், படியில் கால் இடறல். இலவசமாகக் கொடுத்தது என்பதற்காகக் கண் அதைப் பொறுத்துக்கொள்ளாது.

பிறகு ஏன் ஒன்றரை மதிப்பெண்? பவரில்லாத நல்ல கூலிங்கிளாஸ் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு உடனே உதவும். இரண்டு கண்ணும் ஒரே பவரான, சிலிண்டர் இல்லாத படிக்கும் கண்ணாடியும் தேறும். உங்கள் வீட்டில் இந்த இரண்டு வகை இருந்தால் உறைக்குள் வைத்துக் கொடுங்கள், கீறல் விழாது. புரோகிரஸிவையும், கால் உடைந்ததையும், குழந்தையின் பழைய கண்ணாடியையும் பெட்டியில் போடாதீர்கள். சங்கத்தின் நேரத்தைத் தின்பவை அவைதான். பெட்டி வைத்தே ஆகவேண்டும் என்ற கடை அதைக் கதவருகே வெயிலில் வைக்காமல் உள்ளே வைத்து, பிரிக்கும் வேலையையும் லென்ஸோமீட்டரில் அளக்கும் வேலையையும் தானே செய்து, தேறியதை மட்டும் சங்கத்திடம் கொடுத்தால் இந்த மதிப்பெண்ணை இரட்டிப்பாக்கலாம். கருவி கடையில் இருக்கிறது, சங்கத்திடம் இல்லை.

பழைய கண்ணாடியைவிட மதிப்பான ஒன்று கடையின் பின்னறையில் கிடக்கும்: விற்காமல் நின்றுபோன, மாடல் மாறிய புதிய ஃபிரேம்கள். சங்கம் கேட்கவேண்டியது அதை.

படிக்கும் கண்ணாடி: குறைந்த செலவு, நிறைந்த பயன்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை பற்றிய அறிக்கை, கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள் 82.6 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. நாற்பது வயதைத் தாண்டினால் யாருக்கும் வருவது இது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வளைந்துகொடுக்கும் தன்மையை இழக்கிறது. ஊசியில் நூல் கோக்க முடியாது, மருந்துப் புட்டியின் எழுத்து தெரியாது. இதற்கு ரெடிமேட் ரீடர், அதாவது ஆயத்தமாக விற்கும் படிக்கும் கண்ணாடி, போதும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கலாம். மொத்தமாக வாங்கினால் விலை மிகக் குறையும்.

வயதை வைத்து முதல் ஊகம் செய்யலாம். 40 முதல் 45 வரை பிளஸ் 1.00, ஐம்பதை ஒட்டி 1.50, 55 வரை 2.00, அறுபதுக்கு மேல் 2.50. ஊகத்தோடு நிறுத்தக்கூடாது. கிட்டப் பார்வை அட்டையை 40 சென்டிமீட்டரில் பிடிக்கச் சொல்லி, பவரை 0.50 வீதம் ஏற்றிக்கொண்டே போய், செய்தித்தாள் அளவு எழுத்தைத் தயங்காமல் வாசிக்கவைக்கும் மிகக் குறைந்த பவரைக் கொடுக்கவேண்டும். "இது பெரிதாகக் காட்டுகிறது" என்று 3.00ஐப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு. அதைக் கொடுத்தால் புத்தகத்தை முகத்துக்கு அருகே கொண்டுவந்து படிக்கவேண்டியிருக்கும். அரை மணியில் தலைவலி. தைப்பவர், சமைப்பவர், கணினியில் உட்காருபவர் என்று வேலை தூரமும் மாறும். கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மேலே சொன்ன பெருக்கல் இங்கே சாதகமாகத் திரும்புகிறது. அதே 6 மில்லிமீட்டர் விலகல் பிளஸ் 2.00இல் 1.2 பிரிசம்தான். பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். ரெடிமேட் பொருந்தாதவர்கள், இரு கண்ணுக்கும் பவர் வேறுபடுபவர்களும் சிலிண்டர் 1.00ஐ நெருங்குபவர்களும். அவர்களைக் கண் பவர் சோதிக்கும் நிபுணரான ஆப்டோமெட்ரிஸ்ட்டின் மேசைக்கு அனுப்பவேண்டும்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் அதிகம் வரும் முகாமுக்கு நூறு ரீடர் எடுத்துப்போவதானால் பிளஸ் 1.00 பத்து, 1.50 இருபது, 2.00 முப்பது, 2.50 முப்பது, 3.00 பத்து என்று பிரித்துக்கொள்ளலாம். எல்லாப் பவரிலும் சமமாக இருபது வாங்குவது வழக்கமான தவறு. பதினோரு மணிக்கே 2.50 தீர்ந்துபோகும், மிச்சமிருக்கும் 3.00ஐ எடுத்து நீட்டத் தோன்றும். தீர்ந்தால் பெயர் எழுதி வைத்துப் பிறகு கொடுங்கள். வேறு பவரைக் கொடுக்காதீர்கள்.

கடையின் பங்கு இங்கே தெளிவு. கொள்முதல் விலைக்கே ரீடர் கொடுப்பது, அல்லது விற்கும் ஒவ்வொரு நல்ல கண்ணாடிக்கும் ஒரு ரீடரை ஒதுக்குவது. மாதா மாதம் எத்தனை ஒதுக்கியது என்பதைக் கடைச் சுவரில் எழுதி வைக்கும் கடையை நம்பலாம். "வருமானத்தில் ஒரு பகுதி சமூகத்துக்கு" என்று மட்டும் எழுதும் கடையிடம் எந்தப் பகுதி என்று கேளுங்கள்.

சனிக்கிழமை முகாம்

ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவர் ஒழுங்காகப் பவர் பார்க்க 15 முதல் 20 நிமிடம் ஆகும். ஐந்து மணி நேரத்தில் இருபது பேருக்கு மேல் பார்க்க முடியாது. நூற்றைம்பது பேரை வரச்சொல்லிவிட்டு ஒரே ஒரு ஆப்டோமெட்ரிஸ்ட்டை உட்காரவைத்தால், சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் பசியோடு மதியம் வரை காத்திருப்பார்கள், கடைசியில் அவசர அவசரமாகப் பார்த்து அனுப்பப்படுவார்கள். முகாம் கெடுவது முக்கியமாக இந்தக் கணக்கில்தான்.

தீர்வு, வரிசையை மேசை மேசையாகப் பிரிப்பது. பதிவு மேசையில் பெயர், வயது, இரண்டு தொலைபேசி எண், சர்க்கரை, ரத்த அழுத்தம், முன்பு கண் அறுவை உண்டா என்று எழுதுகிறார்கள். இரண்டாவது மேசையில் தூரப் பார்வை: ஆறு மீட்டரில் அட்டை, தரையில் டேப் ஒட்டிய கோடு, ஒரு கண்ணை மூடி மறு கண். மண்டபம் சிறிதானால் மூன்று மீட்டர் அட்டையை வாங்கவேண்டும். ஆறு மீட்டர் அட்டையை மூன்று மீட்டரில் மாட்டிவிட்டு எல்லோரும் தேறிவிட்டார்கள் என்று மகிழ்வதில் பயனில்லை. 6/12 வரியை (நல்ல கண் பன்னிரண்டு மீட்டரிலிருந்தே படிப்பது) படிக்க முடியாதவருக்கு அடுத்து மூன்றாவது மேசையில் ஊசித்துளை அட்டை. அதன் வழியே பார்த்தால் தெளிவாகிறது என்றால் கண்ணாடி போட்டால் சரியாகும் குறை. தெளிவாகவில்லை என்றால் கண்புரை, விழித்திரை, கண் நரம்பு என்று வேறு ஏதோ இருக்கலாம். அவருக்குக் கண்ணாடி கொடுத்து அனுப்புவது தவறு. ஒரு துளையிட்ட பிளாஸ்டிக் அட்டை மொத்த முகாமின் திசையையும் தீர்மானிக்கிறது என்றால் மிகையில்லை.

இந்த மூன்று மேசையையும் சங்க உறுப்பினர்கள் அரை நாள் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். படிக்கும் கண்ணாடி தரும் கிட்டப் பார்வை மேசையை ஆப்டோமெட்ரிஸ்ட் கண்பார்வையில் நடத்தலாம். பவர் பார்த்துச் சீட்டு எழுதுவதை மட்டும் சுகாதாரத் தொழிலர்களைப் பதிவுசெய்யும் எச்பிசிஎஸ்ஏ கவுன்சிலில் பதிவான ஆப்டோமெட்ரிஸ்ட்தான் செய்யவேண்டும். தானாகப் பவரை அளக்கும் ஆட்டோரிஃப்ராக்டர் என்ற கருவி தரும் எண்ணைத் தாளில் அடித்துக் கொடுத்து அதுவே சீட்டு என்பது சரியல்ல. அந்த எண் ஒரு தொடக்கம். குறிப்பாகச் சிறுவர்களின் கண் கருவிக்குள் பார்க்கும்போது தானாக இறுகி, இல்லாத மைனஸைக் காட்டும். பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்திட்டுப் பார்க்கும் வசதி இல்லாத முகாம் அவர்களுக்குப் பவர் எழுதாமல் கடைக்கோ மருத்துவமனைக்கோ அனுப்புவது நல்லது.

எழுத்து அட்டை மட்டும் வைத்திருந்தால் போதாது. வெல்பெடாக்டிலிருந்தும் பேவியூவிலிருந்தும் வருபவர்களில் சூலு பேசும் முதியோர் நிறைய. எங்கள் ஆயாக்களிலும் ஆங்கில எழுத்துத் தெரியாதவர் உண்டு. பல பக்கம் திரும்பிய ஆங்கில 'E' குறியின் திசையைக் கை விரலால் காட்டும் அட்டை ஒன்று கட்டாயம் வேண்டும், சூலு பேசும் தன்னார்வலர் ஒருவர் பதிவு மேசையில் வேண்டும். மின்வெட்டு வந்தால் கணினி அட்டையும் ஆட்டோரிஃப்ராக்டரும் நின்றுபோகும். காகித அட்டை, டார்ச், பவர் பார்க்கும் டிரையல் லென்ஸ் பெட்டி, கையடக்க ஒளிக்கருவியான ரெட்டினோஸ்கோப் இருந்தால் வேலை நிற்காது. மண்டபத்தில் பந்தல் துணியின் நிழல் அட்டை மேல் விழுகிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

தேதி விஷயத்திலும் ஒரு சொல். அரசின் சமூக உதவி முகமையான சாசா தரும் முதியோர் உதவித்தொகை மாதத்தின் முதல் வாரத்தில் வரும். பெரியவர்கள் கடைத்தெருவில் இருப்பார்கள், மண்டபத்துக்கு வரமாட்டார்கள். ஆடியில் கூழ் ஊற்றும் ஞாயிறுகளில் மாரியம்மன் கோயிலில் கூட்டம் தானாகவே கூடும். அன்று பரிசோதனை நடத்தும் ஆசை வரும், ஆனால் இரைச்சலிலும் புகையிலும் கண் பார்ப்பது வீண். அன்று பெயர் மட்டும் எழுதிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமைக்கு மணி குறித்துச் சீட்டுக் கொடுத்தால் வரிசையும் குறையும்.

முகாமுக்குப் பிறகு

எங்கள் மதிப்பெண்ணில் பாதி இந்தப் பகுதிக்கு. ஊசித்துளையில் தெளிவடையாதவர் பட்டியல் முகாம் முடிந்ததும் யார் கையில் இருக்கிறது? கடையின் கையிலா, சங்கத்தின் கையிலா, குப்பையிலா?

சாட்ஸ்வொர்த்வாசிகளுக்கு ஆர்.கே. கான் மருத்துவமனை அருகில் இருக்கிறது. ஓவர்போர்ட்டில் உள்ள மக்கார்ட் மாகாணக் கண் மருத்துவமனை கண்ணுக்கென்றே உள்ளது. 2014இல் மாகாண அரசின் கைக்கு வந்தது. இரண்டுக்கும் வெறும் வாய்ச்சொல்லோடு போனால் காத்திருப்பு நீளும். ஆப்டோமெட்ரிஸ்ட் எழுதிய கடிதம் வேண்டும்: இரு கண்ணின் பார்வை அளவு, ஊசித்துளையோடு எவ்வளவு, சந்தேகம் என்ன, சர்க்கரை உண்டா. சங்கம் செய்யவேண்டியது வண்டி ஏற்பாடும் பின்தொடர்தலும். கண்ணில் சொட்டு மருந்திட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். தனியாகப் போனவர் திரும்பிவர முடியாது. கூட ஒருவர் போகவேண்டும்.

சில அறிகுறிகளுக்குக் கடிதம், முறை எதுவும் காத்திருக்கக்கூடாது. திடீரென்று பார்வை போனது, மின்னல்போல் ஒளி தெரிந்து திரை விழுவதுபோல் இருப்பது, சிவந்த கண்ணில் கடும் வலியோடு வாந்தி. இவற்றுள் ஒன்று இருந்தால் அன்றே மருத்துவமனை. தன்னார்வலர் ஒவ்வொருவரும் இதை மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும்.

சர்க்கரை நோய் இங்குள்ள நம் இந்திய வம்சாவளி மக்களிடம் அதிகம். நன்றாகப் படிக்கிறார் என்பதால் விழித்திரை நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. பார்வை மங்கும் முன்பே உள்ளே ரத்தக்கசிவு தொடங்கியிருக்கலாம். சர்க்கரை உள்ள எல்லோருக்கும், கண்ணாடி தேவைப்பட்டாலும் படாவிட்டாலும், ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் பரிசோதனைக்குக் கடிதம் கொடுக்கவேண்டும். விழித்திரையைப் படமெடுக்கும் ஃபண்டஸ் கேமரா வைத்திருக்கும் கடை மாதத்தில் ஒரு காலையை இதற்கென்று ஒதுக்கினால், பத்துப் பெட்டி வைப்பதைவிடப் பெரிய உதவி.

சீட்டுப்படி கண்ணாடி செய்யவேண்டியவர்களுக்கு லென்ஸ் அறுத்துப் பொருத்தி வர இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதற்குள் கைபேசி எண் மாறிவிடும், கண்ணாடி கடை அலமாரியில் தூங்கும். பேரன் அல்லது பக்கத்து வீட்டுக்காரர் எண்ணை இரண்டாவதாக வாங்குவது இதற்குத்தான். வாங்கும் நாளையும் முகாமிலேயே குறித்து, அதே மண்டபத்தில் கொடுப்பது நல்ல வழி. கண்ணாடியைப் பையில் போட்டு அனுப்பாமல், கடை ஆள் வந்து காதிலும் மூக்கிலும் சரிசெய்து, போட்டு நடக்கவைத்து அனுப்பவேண்டும்.

பணமும் காகிதமும்

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "வரிச்சலுகை உண்டா?" என்பது. நியாயமான கேள்வி. பதில் சங்கத்தின் காகிதத்தில் இருக்கிறது. சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவான என்பிஓ (லாப நோக்கற்ற அமைப்பு) எண் இருந்தால் மட்டும் போதாது. வரித்துறையான சார்ஸ் தனியாக வழங்கும் பிபிஓ (பொதுநல அமைப்பு) அங்கீகாரமும், அதற்கு மேல் வருமான வரிச் சட்டத்தின் 18ஏ ஒப்புதலும் வேண்டும். அது இருந்தால் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழிக்கலாம். மிஞ்சியது அடுத்த ஆண்டுக்குப் போகும். 2023 மார்ச் 1 முதல் ரசீதில் கொடுப்பவரின் அடையாள எண் அல்லது நிறுவனப் பதிவு எண், வரி எண், ரசீதுக்கென்று தனி எண் முதலிய விவரங்களும் இருக்கவேண்டும். பழைய ரசீதுப் புத்தகத்தை இன்னும் கிழித்துக் கொடுக்கும் சங்கம் கடைக்காரரைத்தான் மாட்டிவிடுகிறது.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது: பணத்துக்கும் பொருளுக்கும் 18ஏ ரசீது தரலாம், உழைப்புக்குத் தரமுடியாது. ஆப்டோமெட்ரிஸ்ட் ஐந்து மணி நேரம் இலவசமாக உட்கார்ந்தார் என்பதற்கு ரேண்டில் மதிப்புப் போட்டு ரசீது எழுதுவது செல்லாது. கொடுத்த ஃபிரேமின் மதிப்பும் அலமாரி விலைச்சீட்டில் உள்ள தொகை அல்ல. கணக்கில் கொள்முதலாக ஏறிய தொகை.

பேனரில் கடைப் பெயர் பெரிதாக வரவேண்டும் என்ற நிபந்தனையோடு பணம் கொடுத்தால் அது நன்கொடை அல்ல, விளம்பரம். தவறில்லை, விளம்பரச் செலவாகவே கணக்கில் எழுதலாம். ஆனால் சங்கம் வாட் என்னும் மதிப்புக்கூட்டு வரிப் பதிவு பெற்றதானால் அந்தத் தொகைக்கு 15 சதவீத வாட் கேள்வி வரும், 18ஏ ரசீதும் தரமுடியாது. எது என்பதை முன்பே முடிவுசெய்யுங்கள்.

கறுப்பின மக்களின் பொருளாதார மேம்பாட்டுச் சட்டமான பி-பிபிஇஇயின் மதிப்பெண்ணுக்காகச் சேர்வதாகச் சொல்லும் சிறு கடைகளும் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 1 கோடி ரேண்டுக்குக் குறைந்த கடைக்கு உறுதிமொழிப் பத்திரம் போதும். சமூக மேம்பாட்டுச் செலவு அதன் நிலையை மாற்றாது. அதைவிடப் பெரிய நிறுவனத்துக்குத்தான் வரிக்குப் பிந்தைய நிகர லாபத்தில் 1 சதவீதம் என்ற இலக்கும் அதற்கான 5 புள்ளியும் பொருந்தும். செலவு முழுவதும் கணக்கில் சேர அதன் மதிப்பில் 75 சதவீதமாவது சட்டம் சொல்லும் கறுப்பின மக்களுக்கு நேரடியாகப் பயன்படவேண்டும். அந்த வரையறையில் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை பெற்ற ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரும் அடங்குவர். பதிவு மேசைத் தாளை ஒழுங்காக வைத்திருந்தால் நிரூபிப்பது எளிது.

சங்கத்தின் பக்கமும் ஒரு கட்டுப்பாடு உண்டு. லயன்ஸ் விதிப்படி பொதுமக்களிடம் திரட்டிய பணம் பொதுமக்களுக்கே போகவேண்டும். கூட்டச் செலவு, விருந்து எல்லாம் உறுப்பினர் சந்தாவிலிருந்து. இரண்டு தனிக் கணக்கு இருக்கிறதா என்று கடைக்காரர் தயங்காமல் கேட்கலாம். நல்ல சங்கம் உடனே காட்டும்.

ஒரு பக்க ஒப்பந்தம்

கைகுலுக்கலோடு தொடங்கும் கூட்டு மூன்றாவது முகாமில் மனக்கசப்பில் முடிவதற்கு முதல் காரணம், விற்பனை. இலவசப் பரிசோதனை என்று வரவழைத்துவிட்டு, முடிவில் கடையின் தள்ளுபடிக் கூப்பனை நீட்டுவது. எச்பிசிஎஸ்ஏ நெறிமுறை ஆள் பிடிப்பதைத் தடுக்கிறது. சங்கத்தின் மஞ்சள் அங்கியை அணிந்துகொண்டு செய்தாலும் அது ஆள் பிடிப்பதுதான். முகாம் நாளில் விற்பனை இல்லை, கூப்பன் இல்லை, சீட்டை எந்தக் கடைக்கும் கொண்டுபோகலாம் என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். கண் சீட்டு நோயாளியின் சொத்து.

அதே பக்கத்தில் எண்களும் வரவேண்டும். ஒரு முகாமுக்குக் கடை தருவது எத்தனை ரீடர், எத்தனை சீட்டுக் கண்ணாடி, எத்தனை ஆப்டோமெட்ரிஸ்ட் நேரம். சங்கம் தருவது எத்தனை தன்னார்வலர், எத்தனை வண்டி. "இயன்றதைச் செய்வோம்" என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு எண் எழுதுங்கள். கண்ணாடி பொருந்தவில்லை என்று திரும்பி வருபவருக்கு எத்தனை நாள் வரை இலவசமாக மாற்றித்தருவது என்பதும் வேண்டும். முப்பது நாள் நியாயமான அளவு.

கடைசியாக, பெயர்ப் பட்டியல். உடல்நலத் தகவலைத் தனிப்பட்ட விவரங்களைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் தனிக் கவனத்துக்குரியதாக வைத்திருக்கிறது. பட்டியலைச் சங்கத்தில் ஒருவர் பொறுப்பில் பூட்டி வைக்கவேண்டும். மருத்துவமனைக்கு அனுப்பியவரைப் பின்தொடர மட்டுமே பயன்படுத்தவேண்டும். கடையின் விளம்பரச் செய்திக்கு அந்த எண்கள் போகக்கூடாது. முதியவர் கண்ணாடி வாங்கும் படத்தை வாட்ஸ்அப்பில் போடும் முன் அவரிடம் அனுமதி கேட்கவேண்டும், அதுவும் கண்ணாடியைக் கையில் கொடுத்த பிறகு. கொடுக்கும் முன் கேட்டால் அவர் மறுக்கமுடியாது.